வன்னியில் சாமான் வைக்கக் கொன்டெய்னர்: புதியதா, பாவித்ததா?

உரம், விதைநெல், தண்ணீர் பம்ப், மருந்தடிக்கும் மெசின், தறப்பாள், வயர், பைப் என்று வயல் செய்கிற வீட்டில் வருடா வருடம் சேருகிற சாமானைப் பூட்டி வைக்க ஒரு இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மல்லாவியில் நான் வைத்திருப்பது பாவித்த 20 அடிக் கொன்டெய்னர். முல்லைத்தீவில் கடற்கரைப் பக்கம் அத்தான் வைத்திருப்பது புதியது, அதுவும் 20 அடி. அவர் அதில் வலையும் எஞ்சினும் வைக்கிறார். இரண்டும் மாரியும் கோடையும் கண்டுவிட்டன, அதனால் விற்பவர் சொல்லும் கதையை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்ல முடிகிறது.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வயற்காரருக்குப் பாவித்ததே போதும். ஆனால் போனில் வந்த படத்தைப் பார்த்துக் காசு அனுப்பி வாங்கக்கூடாது, நீங்களோ உங்களுக்கு நம்பிக்கையான வெல்டிங்காரரோ கொன்டெய்னர் அடுக்கி விற்கிற யார்ட்டுக்குப் போய் உள்ளே நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். தின்னும் பொருள் வைப்பவர், கடையாக மாற்றப் போகிறவர், போய்ப் பார்க்க நேரமும் ஆளும் இல்லாதவர், இவர்கள் புதியதை வாங்கலாம். நெல்லை மூடை மூடையாக மாதக்கணக்கில் வைக்க நினைத்தால், வாங்கிய கோலத்திலேயே விட்டால் இரண்டுமே சரிவராது. அதற்குக் காரணம் கொன்டெய்னரின் வயது இல்லை, எங்கள் வெயில். அதைப் பிறகு சொல்கிறேன்.

கொன்டெய்னர் எதற்கு, கல்லுக் கட்டி ஒரு களஞ்சியம் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சொந்தக் காணி, உறுதி கையில் இருக்கிறது, மேசன் ஊரிலேயே இருக்கிறார் என்றால் கட்டுங்கள், அதுதான் குளிர்ச்சி. ஆனால் எங்கள் பக்கம் எத்தனை பேர் குத்தகைக் காணியில் வயல் செய்கிறோம், எத்தனை பேரிடம் வெறும் பேர்மிட் மட்டும் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடுத்தவர் காணியில் கட்டிய சுவரைக் கழற்றிக்கொண்டு வர முடியாது. கொன்டெய்னரை ஒரு பூம் ட்ரக், அதாவது தூக்குகிற கை பூட்டிய லொறி, பிடித்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், வேண்டாமென்றால் விற்றும்விடலாம். கறையான், எலி, கள்ளர் என்று மற்றக் காரணங்களும் இருக்கின்றன. அப்புறம் யானை. நெல் மணத்துக்கு வந்து மண்சுவரையும் தகரக் கொட்டிலையும் தள்ளிவிட்டு மூடையை இழுத்துத் தின்கிற யானைக்கு, சாமான் நிறைந்த இரும்புப் பெட்டி லேசில் அசையாது. அசையாது என்று நான் நம்புகிறேன், யானையிடம் இன்னும் கேட்கவில்லை.

அளவைப் பற்றி கொஞ்சம். 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம் என்பது வெளி அளவு. உள்ளே 5.9 மீற்றர் நீளமும் 2.35 மீற்றர் அகலமும் 2.39 மீற்றர் உயரமும் கிடைக்கும், 33 கன மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பெட்டியின் எடை 2.2, 2.3 தொன். நெல்லால் கூரை வரை அடைத்தால் 18 தொன் அளவில் வரும். தாங்குமா என்ற பயம் வேண்டாம், இப்போதைய பெட்டிகள் 30 தொன் மொத்த எடையோடு கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டு போவதற்கென்று செய்தவை. ஆனால் பலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சுவர்த் தகடு பல இடத்தில் 1.6 மில்லிமீற்றர்தான், கூரைத் தகடு 2 மில்லிமீற்றர். பாரத்தைத் தாங்குவது நாலு மூலைத் தூணும் அவற்றை இணைக்கிற சட்டமும் அடியில் குறுக்கே ஓடுகிற இரும்புகளும். பாவித்ததைப் பார்க்கும்போது எது சின்னக் குறை, எது ஆளை விழுத்தும் குறை என்று பிரிப்பது இதை வைத்துத்தான். பக்கச் சுவரில் பெரிய பள்ளம் விழுந்திருந்தால் அது அழகுக் குறை. மூலைத் தூண் வளைந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

புதியது என்று விற்கப்படுவதும் முழுக்கப் புதியது இல்லை. சீனாவில் செய்து, அங்கேயே ஒரு தடவை சரக்கு ஏற்றி, இங்கே இறக்கிய பிறகு விற்கிற பெட்டி அது. வன் ட்ரிப் என்பார்கள். வெறுமையாகக் கப்பலில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது என்பதால் உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. ஆகவே புதியதில் ஒரு கீறல், ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அத்தானுடையதில் கதவுப் பக்கம் கீறல் இருந்தது, தரையில் பலகை இழுத்த அடையாளமும் இருந்தது. மற்றபடி கதவு ஒரு கையால் திறபட்டது, ரப்பர் மெத்தென்று இருந்தது, பெயின்ற் ஒரே சீராக இருந்தது. பூட்டை மறைக்கிற இரும்புக் கூடு ஒன்றும் கதவோடு வந்தது. அதற்குள் ஆமைப்பூட்டைப் போட்டால் கட்டர் வைத்து வெட்ட இடம் கிடைக்காது. பாவித்ததில் அது பெரும்பாலும் இருக்காது, ஊரில் வெல்டிங்காரரிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன், பெரிய செலவு இல்லை.

பாவித்ததில் பல தரம் உண்டு. கார்கோ வர்த்தி என்றால் இன்னும் சரக்கு ஏற்றிக் கப்பலில் அனுப்பலாம் என்ற நிலை. வின்ட் அன்ட் வாட்டர் டைட் என்றால் காற்றும் மழையும் உள்ளே போகாது, ஆனால் கப்பலுக்கு உத்தரவாதம் இல்லை. அஸ் இஸ் என்றால் இருக்கிற மாதிரியே தருகிறோம், பிறகு எங்களிடம் வராதே என்று பொருள். சாமான் வைக்க நடுவில் உள்ளதே போதும். இங்கே விளம்பரங்களில் வருகிற ஏ கிரேட், பி கிரேட் எல்லாம் விற்பவர் தானே போடுகிற மார்க்ஸ். எனக்கு ஏ கிரேட் என்று காட்டிய முதல் பெட்டியின் கூரையில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தது. "அண்ணை, அது சிலிக்கன் வைச்சா நிண்டிடும்" என்றார் அந்தத் தம்பி. சிலிக்கன் ஒரு கோடைக்கு நிற்கும். வெயிலில் தகடு விரிந்து இரவில் சுருங்குகிற இடத்தில் அது உரிந்துவிடும். ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் பிடித்து மேலே பெயின்ற் அடிப்பதுதான் வேலை.

சரி, எப்படிப் பார்ப்பது? உச்சி வெயில் நேரம் போங்கள். உள்ளே போய் நின்று, கூட வந்தவரைக் கொண்டு கதவை இறுக்கிச் சாத்தச் சொல்லுங்கள். இருட்டுக்குக் கண் பழகும் வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகு கூரையை, கூரையும் சுவரும் சேருகிற ஓரத்தை, கதவைச் சுற்றி, கடைசியாகத் தரை ஓரத்தைப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் வந்தாலும் அந்த இடத்தால் மாரியில் தண்ணீர் வரும். மேல் பக்கத்தில் சின்னக் காற்றுப் பெட்டி இருக்கும் இடத்தில் வெளிச்சம் வருகிறதா என்று குழம்ப வேண்டாம், அது வளைத்துச் செய்த பாதை, நேரே வெளிச்சம் வராது. கதவு ரப்பர் வெடித்திருந்தால் கீழ்ப்பக்கம்தான் முதலில் வெடிக்கும், குனிந்து பார்க்க வேண்டும். கதவின் நாலு கம்பியும் மேலும் கீழும் கொக்கியில் சரியாக மாட்டுகிறதா, தள்ளுமுள்ளு இல்லாமல் திறபடுகிறதா என்று நீங்களே திறந்து பூட்டுங்கள், யார்ட்டில் வேலை செய்கிற பலசாலியைத் திறக்க விட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் வீட்டில் திறக்கப் போவது உங்கள் மனைவியும் அப்பாவும்.

வெளியே வந்து கூரைக்கு ஏற ஏணி கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில். கூரையில் பள்ளம் இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கறள் பிடிக்கும். கறள் இருப்பது குற்றம் இல்லை, இந்த இரும்பு கோர்ட்டன் என்கிற வகை, மேலாகப் பிடிக்கிற மெல்லிய கறள் உள்ளே போகாமல் தானே தடுக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டு, அப்பளம் போலப் பொருக்கு பொருக்காக உரிந்தால் இரும்பு போய்விட்டது. அடியில் குறுக்கே ஓடுகிற இரும்புகளை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் படுத்துத்தான் பார்க்க வேண்டும். கூலிக்கு வந்த லொறிக்காரர் வரை எல்லோரும் சிரித்தாலும் பரவாயில்லை, ஒரு உரப்பையை விரித்துப் படுத்துப் பாருங்கள். பாரம் முழுவதையும் தாங்குவது அவைதான், விற்பவர் மேலே மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் அதன் உண்மையான வயதைச் சொல்வதும் அவைதான்.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு விலையை விட இதுதான் முக்கியமாகப் பட்டது. கொன்டெய்னரின் தரை 28 மில்லிமீற்றர் தடித்த பிளைவூட். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தப் பலகைக்கு மருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் அடித்திருக்கும் உலோகத் தகட்டில் மரத்துக்கு என்ன மருந்து, எந்த ஆண்டு என்று ஒரு வரி இருக்கும். இந்த மருந்து புதியதிலும் இருக்கலாம், அதனால் புதியது வாங்கினால் நஞ்சில்லை என்று நினைக்க வேண்டாம். பாவித்ததில் இதைவிடக் கூடுதலாக இருப்பது அது என்ன என்ன ஏற்றியது என்று யாருக்கும் தெரியாத வரலாறு. பத்துப் பதினைந்து வருடம் கடலில் ஓடிய பெட்டி ஒருமுறை தேயிலை ஏற்றியிருக்கும், மறுமுறை தோலோ இரசாயனமோ ஏற்றியிருக்கும். கதவைத் திறந்தவுடன் மூக்கைக் கொடுங்கள். எண்ணெய்க் கறையா, வெள்ளைப் பொடியா, மணம் மூக்கில் ஏறுகிறதா? வெளிச்சுவரில் சாய்சதுர வடிவத்தில் ஸ்ரிக்கர் ஒட்டிக் கிழித்த அடையாளம் இருந்தால் ஆபத்தான சரக்கு ஏற்றிய பெட்டி. அரிசி, மாட்டுத் தீன், விதை இவற்றை வைக்கப் போகிறவர் அப்படிப்பட்டதை விட்டுவிட வேண்டும், எவ்வளவு மலிவாக இருந்தாலும். என்னுடையதில் கறை இல்லை, இருந்தும் பலகைமேல் தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேல் மரச் சட்டம் போட்டுத்தான் மூடை அடுக்குகிறேன்.

அந்தத் தகட்டிலேயே செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். சில இடங்களில் விற்குமுன் தகட்டைக் கழற்றிவிடுவார்கள், அப்படியானால் கழற்றியதைக் காட்டச் சொல்லுங்கள். கதவில் எழுதியிருக்கும் நாலு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் அந்தப் பெட்டியின் அடையாளம், அதன் கீழே 22ஜி1 என்று இருந்தால் சாதாரண 20 அடி, 45ஜி1 என்று இருந்தால் ஒன்பதரை அடி உயரமான 40 அடி. பில்லில் அந்த இலக்கத்தை எழுதி வாங்குங்கள். சுங்கத்தில் வரி கட்டி விடுவித்த பத்திரத்தின் பிரதியும் கேளுங்கள், ஏனென்றால் கப்பலில் வந்து போகிற பெட்டி வரியில்லாமல் தற்காலிகமாகத்தான் நாட்டுக்குள் வருகிறது, இங்கேயே விற்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். பத்திரம் இல்லாததை நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் தலையிடி.

எப்போது வாங்குவது என்பதிலும் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. ஒழுகுகிறதா என்று பார்க்க மழை வேண்டும். கொண்டுவந்து இறக்கக் காய்ந்த நிலம் வேண்டும். எங்கள் மாரியில், ஐப்பசி கார்த்திகையில், பாரமான லொறி வயல் பாதைக்குள் இறங்கினால் பிறகு அதை எடுக்க இன்னொன்று வர வேண்டும். ஆனால் யார்ட்டுகள் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றி, ஒறுகொடவத்தை, பேலியகொடை, வத்தளைப் பக்கம் இருக்கின்றன. அங்கே மழை வைகாசி ஆனியில். அந்த நேரம் வன்னியில் கச்சான் காற்றும் புழுதியும். ஆகவே கொழும்பில் மழை பெய்து விட்ட மறுநாள் போய் உள்ளே தரை ஈரமா என்று பார்த்து, ஆடி ஆவணியில் இங்கே கொண்டுவந்து இறக்கலாம். புதியது வாங்குபவருக்கு இந்த அலைச்சல் இல்லை, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

40 அடி வாங்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விலை 20 அடியின் இரண்டு மடங்கு வராது, இடம் இரண்டு மடங்கு, ஆசை வரத்தான் செய்யும். உங்கள் காணி ஏ9 வீதியிலோ பரந்தன் முல்லைத்தீவு வீதியிலோ முகப்போடு இருந்தால் யோசியுங்கள். உள்ளுக்குள் மதகும் வளைவும் உள்ள கிரவல் பாதையென்றால் 40 அடி ட்ரெயிலரை இழுத்துவருகிற ப்ரைம் மூவர் திரும்பவே திரும்பாது. 20 அடிக்கே நாங்கள் முதல் நாள் பாதை முழுக்க நடந்து பார்த்தோம். லொறித் தட்டோடு சேர்ந்தால் உயரம் நாலு மீற்றர் அளவில் வரும், தாழ்ந்து தொங்குகிற மின்கம்பியும் வேப்பங்கிளையும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. கூலி பேசும்போது இறக்கித் தருவதும் சேர்த்தா, பூம் எத்தனை மீற்றர் எட்டும், எட்டுகிற தூரத்தில் இந்த எடையைத் தூக்குமா என்று கேட்டுப் பேசுங்கள். கை நீள நீள அது தூக்குகிற எடை குறையும். எனக்கு வந்த லொறியின் பூம் போதாமல் அத்திவாரத்துக்கு ஒரு அடி தள்ளி இறக்கிவிட்டுப் போகப் பார்த்தார்கள், பிறகு பின்பக்கமாக வரச்செய்து ஒருவாறு சரிசெய்தோம்.

அத்திவாரம். கொன்டெய்னர் நிற்பது நாலு மூலையில். ஆகவே முழுத் தளம் கொங்கிறீற் போடத் தேவையில்லை, நாலு மூலைக்கும் நாலு திண்டு போதும், ஆனால் நாலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒரு மூலை இறங்கினால் பெட்டி முறுகும், பெட்டி முறுகினால் கதவு பூட்டாது. துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கரிசல் களி தெரியும்தானே, மாரியில் ஊதிக் கோடையில் கால் நுழைகிற அளவு வெடிக்கிற மண். அந்த மண்மேல் சீமெந்துக் கல்லை வைத்துவிட்டு அதன்மேல் பெட்டியை வைத்தால் அடுத்த மழைக்கே சரியும். வெடிப்புப் போகிற ஆழத்துக்குக் கீழே தோண்டி, கிரவல் போட்டு இடித்து, அதன்மேல் திண்டு எழுப்ப வேண்டும். செம்மண் பக்கம் இவ்வளவு பாடு இல்லை. அடி இடைவெளி ஒரு அடியாவது விடுங்கள், காற்று ஓடவும், வெள்ளம் வந்தால் போகவும், குனிந்து பார்க்கவும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது கிளிநொச்சியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கே இருந்தவர்களிடம் கேட்டுவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். அந்த இடைவெளிக்குள் குப்பை சேர விடாதீர்கள், புடையன் குடியிருக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

கதவு எந்தப் பக்கம்? வாடைக் காற்றோடு மழை வடகிழக்கால் அடிக்கும், ஆகவே கதவைத் தெற்கே பார்த்தோ மேற்கே பார்த்தோ வையுங்கள். நான் நீளப்பாட்டைக் கிழக்கு மேற்காக வைத்தேன், அப்படி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் நீளச் சுவரில் விழாமல் ஒடுங்கிய முகத்தில் விழும்.

இனி வெயில். சித்திரையில் மத்தியானம் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். வெளியே 35 பாகை என்றால் பூட்டிக்கிடக்கிற பெட்டிக்குள் 50ஐத் தாண்டலாம். பம்புக்கும் மண்வெட்டிக்கும் அது ஒன்றும் செய்யாது. விதைக்குச் செய்யும். விதை வைப்பதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, வெப்பம் 5 பாகை குறைந்தால் விதையின் ஆயுள் இரண்டு மடங்காகும், ஈரப்பதம் ஒரு வீதம் குறைந்தாலும் அப்படியே. அதைத் திருப்பிப் பார்த்தால் கொன்டெய்னருக்குள் விதைநெல் வைப்பவர் என்ன செய்கிறார் என்று விளங்கும். அடுத்தது வியர்வை. பகலில் சூடான காற்று ஈரத்தை எடுத்து வைத்திருக்கும், தை மாசி இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையின் உட்பக்கம் துளி துளியாகக் கோர்த்து மூடைமேல் விழும். விடியப் பார்த்தால் ஒழுகியது போலவே இருக்கும், ஓட்டை தேடிக் கூரையில் ஏறுவீர்கள், ஒரு ஓட்டையும் இருக்காது. அத்தானின் புத்தம்புதுப் பெட்டியில்தான் இது கூட, ஏனென்றால் ரப்பர் நன்றாக இறுகிக் காற்றே போகவில்லை. விற்பவரிடம் போன் எடுத்துக் கோபப்பட்டார் மனிதர், பாவம், அதில் விற்பவரின் குற்றம் ஒன்றும் இல்லை.

இதற்கு நாங்கள் செய்தது இரண்டு வேலை. கூரைக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு இன்னொரு கூரை. என்னுடையது கம்பிச் சட்டத்தில் பழைய தகரம், சுவருக்கு வெளியே இரண்டு அடி நீட்டி. அத்தான் கிடுகு போட்டார், வருடத்துக்கு வருடம் மாற்ற வேண்டும், ஆனால் தகரத்தை விடக் குளிர்ச்சி. கடற்காற்றுக்கு அதைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. எங்களுக்குத் தலைக்கு நேரே வருகிற சூரியன், சூடு முக்கியமாகக் கூரையால்தான் இறங்குகிறது, ஆகவே இந்த ஒரு வேலையிலேயே பாதிப் பிரச்சினை போய்விடும். இரண்டாவது காற்று வழி. கொன்டெய்னரோடு வருகிற சின்னக் காற்றுப் பெட்டிகள் போதாது. ஒரு ஒடுங்கிய முகத்தில் கீழேயும் எதிர் முகத்தில் மேலேயும் வெட்டி, உள்ளே எலி வலை அடித்து, வெளியே மழைக்குத் தகட்டுச் சிறகு வைத்தோம். வெட்டிய ஓரத்துக்கு உடனே பெயின்ற். புதுப் பெட்டியை வெட்ட மனம் வராது, அத்தான் பல நாள் யோசித்துத்தான் வெட்டினார். பாவித்ததில் அந்த மனவருத்தம் இல்லை, இதையும் அதன் நல்ல குணங்களில் சேர்க்கிறேன்.

இதெல்லாம் செய்த பிறகு நெல் வைக்கலாமா என்றால், காயவைத்து ஈரப்பதம் 14 வீதத்துக்குக் கீழே வந்த நெல்லை, சுவரில் முட்டாமல், கூரைக்கு இரண்டு அடி இடம் விட்டு, விலை ஏறும் வரை கொஞ்சக் காலம் வைக்கலாம். அரிவு வெட்டி மெசினால் வந்த ஈர நெல்லை நேரே அடுக்கிப் பூட்டினால் முளைக்கும், பூஞ்சணம் பிடிக்கும். விதைநெல்லை நான் இன்னும் வீட்டுக்குள்தான் வைக்கிறேன். உண்மையிலேயே விதையோ மரக்கறியோ வைக்க வேண்டுமென்றால் புதியதா பாவித்ததா என்ற கேள்வியை விட்டுவிட்டு, குளிரூட்டி பழுதாகிப் போன ரீஃபர் பெட்டி விற்பனைக்கு வருகிறதா என்று விசாரியுங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் அடைத்த சுவர், வெயில் லேசில் உள்ளே போகாது. உள் அகலம் குறையும், எடை கூட, காற்றும் புகாது, ஆகவே பிள்ளைகள் விளையாடப் போகாமல் எப்போதும் பூட்டியே வைத்திருக்க வேண்டும்.

உரம் வைப்பவர்களுக்கு ஒரு சொல். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது பட்ட பாட்டுக்குப் பிறகு கையில் கொஞ்சம் வைத்திருக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது, பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். யூரியா ஈரத்தை உறிஞ்சும், பொட்டாஷ் உரத்தில் குளோரைட் இருக்கிறது, இரண்டும் இரும்புக்கு ஆகாது. பை கிழிந்து கொட்டினால் அன்றைக்கே கூட்டி அள்ளுங்கள், சுவரோடு சாய்க்க வேண்டாம். கடற்கரைக்கும் இதே கதைதான். கோர்ட்டன் இரும்பு தன்னைத் தானே காக்கும் என்று சொன்னேன் அல்லவா, அது உப்புக் காற்றில் எடுபடாது. அத்தானுடைய புதுப் பெட்டியில் இறக்கும்போது சங்கிலி உரசிய இடங்களில் பெயின்ற் போய், அடுத்த மாரிக்குள் அந்தக் கோடுகள் சிவந்துவிட்டன. என்னுடையதில் வந்த அன்றே கறளைச் சுரண்டி, ரெட் ஒக்சைட் அடித்து, மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்ததால் பார்ப்பதற்கு அதைவிட நன்றாக நிற்கிறது. வெள்ளை வெயிலுக்கும் நல்லது. புதியதுக்குக் கொடுக்கிற கூடுதல் காசில் பெரும் பங்கு அந்தப் பெயின்றுக்குத்தான் என்று வைத்தால், அதைப் பேணாதவருக்குப் புதியது வீண்.

பெற்றோல், டீசல் இரண்டையும் இதற்குள் வைக்காதீர்கள். லைட் போட்டால் பெட்டிக்கு ஏர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம், முழுக்க இரும்பு.

விலை எழுதவில்லை, எழுதினாலும் நீங்கள் வாசிக்கிறபோது மாறியிருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போன காலத்தில் இந்தப் பெட்டிகளின் விலை போன போக்கு எனக்கு மறக்காது. எனக்குச் சொன்ன விலைகளில் புதியதுக்கும் பாவித்ததுக்கும் இருந்த வித்தியாசத்தில் அத்திவாரம், மேற்கூரை, வெல்டிங், பெயின்ற் எல்லாம் முடிந்து கொஞ்சம் மிச்சமும் இருந்தது. மார்க்ஸ் போடச் சொன்னால் என்னுடையதுக்கு ஐந்துக்கு நாலு, கதவு ஒன்று இன்னும் மாரியில் இறுகுவதற்காக ஒன்றைக் குறைக்கிறேன். அத்தானுடையதுக்கும் நாலுதான், அங்கே குறைந்தது விலைக்காக.

அத்தான் இப்போது இரண்டாவது ஒன்று பார்க்கிறார், இந்த முறை பாவித்தது. வைகாசி மழையோடு கொழும்புக்குப் போக இருக்கிறோம். 40 அடி ட்ரெயிலரில் 20 அடிப் பெட்டி இரண்டு ஏறும், ஆகவே மாங்குளம் வரை கூலியைப் பங்கு போட்டு, அங்கே இருந்து ஆளுக்கு ஒரு பூம் ட்ரக் பிடிக்கலாம். மல்லாவி, ஒட்டுசுட்டான், புளியங்குளம் பக்கம் யாரும் வாங்குகிற யோசனையில் இருந்தால் சித்திரை முடியுமுன் சொல்லுங்கள்.